ஒன்பதாவது வரி

கோஸ்கி கார்னர், மிச்சிகன்
அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

ஹில்மா எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அரிசோனா வெயிலில் வலியே தெரியாது என்று சொல்லிக்கொண்டு போனீர்கள், அது உங்களுக்கு முன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. இங்கே முதல் பனி விழுந்து, கரைந்து, மறுபடியும் விழுந்துவிட்டது. நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவு வம்பும் வந்தது என்பதால் இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி எழுதப் போகிறேன்.

ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போன் சமையலறையில் இருக்கிறது. நான் பேசும்போதெல்லாம் உங்கள் தம்பி ஆர்வோ எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முன்னால் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் இதயத்தில் ஒரு வால்வு பழுதாகிவிட்டது. நெஞ்சைத் திறந்து சரிசெய்ய வேண்டுமாம். ஜனவரியில், டுலூத் ஆஸ்பத்திரியில். பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். சொன்ன கையோடு, எது நடந்தாலும் சம்மதம் என்று கையெழுத்துப் போட ஒரு கட்டுக் காகிதத்தையும் நீட்டினார்.

போரில் தலையில் அடிபட்டு வந்த ஆர்வோவைக் கவனித்துக்கொள்வதற்காக முன்னாள் படைவீரர் துறை எனக்கு மாதாமாதம் உதவித்தொகை தருவது உங்களுக்குத் தெரியும். என் மருத்துவ இன்சூரன்ஸும் அதோடு சேர்ந்து வருவதுதான். அது இருந்தால்தான் இந்த ஆபரேஷன். அதுதான் இப்போது கையைவிட்டுப் போகப் பார்க்கிறது. யாருடைய சதியும் இல்லை அக்கா, நாங்களே கெடுத்துக்கொண்டோம்.

செப்டம்பரில் ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்தார். ஆர்வோவுக்கு எவ்வளவு உதவி தேவைப்படுகிறது என்று அவர்கள் அவ்வப்போது வந்து பார்ப்பது வழக்கம். இவர் வயதில் சின்னவர், நல்ல மரியாதை. வருகிறார் என்று தெரிந்ததும் நான் என்ன செய்தேன்? வீட்டை மேலிருந்து கீழ்வரை துடைத்தேன். ஏலக்காய் ரொட்டி சுட்டேன். உங்கள் தம்பிக்கு முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிவிட்டேன். 'கோப்பை இங்கே', 'அடுப்பைத் தொடாதே, ஹில்மாவைக் கூப்பிடு' என்று அலமாரிக் கதவுகளில் நான் ஒட்டி வைத்திருந்த சீட்டுகளையெல்லாம் உரித்து எடுத்தேன். விருந்தாளி வரும்போது வீடு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தால் நன்றாகவா இருக்கும்? நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் ஆர்வோ விறைப்பாக நின்று பதில் சொன்னார். "ஞாபகமெல்லாம் எப்படி இருக்கு?" "பரவாயில்ல." "தடுக்கி விழறதுண்டா?" "அவ்வளவா இல்ல." "தலைவலி?" "பரவாயில்ல, சார்." நம் பக்கத்து ஆண்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? வெட்டிய மரம் காலின்மேல் விழுந்து கிடந்தாலும் பரவாயில்லை என்பார்கள். போதாததற்குப் பட்டாளப் பழக்கம் வேறு. மேலே இருப்பவர் கேட்டால் குறை சொல்லக் கூடாது.

குளியல் பற்றிக் கேட்டபோதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். "வாரம் ரெண்டு தடவை சவுனாவுக்குப் போயிடுவாரு, பனி கொட்டினாலும் விட்டதில்ல" என்று பெருமையாகச் சொன்னேன். விறகு போட்டுக் கல்லைச் சூடாக்குவது நான். கைத்தாங்கலாகக் கொல்லையில் இருக்கும் அந்த ஆவிக்குளியல் அறைக்குக் கூட்டிப் போவது நான். தண்ணீர் ஊற்றி ஆவி எழும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் கொதிக்கிற கல்லில் கை வைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது நான். முதுகு தேய்ப்பதும் துவட்டிவிடுவதும் நான்தான். ஆனால் அதற்குக் குளிப்பாட்டுவது என்று பெயர் என்பது எனக்கு அன்றுவரை தோன்றியதே இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து சவுனாவில் உட்காருவதை நம் ஊரில் யாராவது பணிவிடை என்பார்களா? அந்த அதிகாரி எழுதிக்கொண்டு போனார்: தானே குளிக்கிறார்.

போன வாரம் பதில் வந்தது. உங்கள் தம்பி தன்னைத்தானே கவனித்துக்கொள்ளும் நிலையில் இருப்பதால் எங்களைத் திட்டத்திலிருந்து நீக்கப் போகிறார்களாம். படித்ததும் எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவர் அந்த நேரம் காலணியை இடவலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, ஏன் நடக்க முடியவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

திட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன். எடுத்த பெண் பொறுமைசாலி. நான் மூச்சு வாங்கும்வரை காத்திருந்துவிட்டு, "உங்கள மாதிரி வீட்ல வெச்சுக் கவனிச்சுக்கறவங்களுக்குன்னே அரசாங்கம் வக்கீல் ஏற்பாடு பண்ணியிருக்கும்மா. வரவு செலவு பாத்து யோசனை சொல்லவும் ஆள் உண்டு. நீங்க கைக்காசு எதுவும் தர வேண்டாம்" என்றாள். நான் நம்பவில்லை. வக்கீல் என்றால் நமக்கெதிராக வருபவர் என்றுதான் எனக்குத் தெரியும். நம் பக்கம் நிற்க ஒருவரை, அதுவும் அரசாங்கமே கூலி கொடுத்து அனுப்பும் என்று யார் கண்டது?

அக்கா, நேற்று முன்தினம் அந்த வக்கீல் வந்தார். ஜோலீன் கடாட் என்று பெயர். ஹோட்டனிலிருந்து வருகிறார். சாலை முனையில் கார் பனியில் சிக்கிக்கொண்டதால் காகிதங்களைக் கோட்டுக்குள் சொருகிக்கொண்டு நடந்தே வந்தார். வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, காலுறையோடு சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார். நான் பேச வாய் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஆர்வோவைப் பார்த்து, "நான் எதுக்கு வந்திருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். ஆர்வோ என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போல் பதிலை எடுத்துக் கொடுக்கப் போனேன். வக்கீலம்மா விரலை லேசாக உயர்த்தி என்னை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அடுப்பில் காபி பொங்கி வழிந்தது. நானும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் உங்கள் தம்பி சொன்னார்: "கார்... பனியில... மாட்டிக்கிச்சு." வக்கீலம்மா சிரித்துக்கொண்டே, "அதுவும் சரிதான்" என்றார்.

பிறகு சவுனாவைக் காட்டச் சொன்னார். தணல் இல்லாத சவுனாவில், கோட்டும் தொப்பியுமாகப் பலகையில் உட்கார்ந்துகொண்டு என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். "விறகு யாரு போடறது? தண்ணி யாரு ஊத்தறது? நீங்க இங்க உக்காரலைன்னா என்ன ஆகும்?" ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல எனக்கே மலைப்பாகிவிட்டது. இத்தனையும் நான்தான் செய்துகொண்டிருக்கிறேனா என்று இருந்தது. இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை.

கிளம்பும்போது ஒன்று கேட்டார். ஆபரேஷன் மேசையில் நான் கண் மூடிக் கிடக்கும்போதும், பிறகு கண் திறக்காமலே போனாலும், எனக்காக டாக்டர்களிடம் பேசப்போவது யார்? அதற்குச் சட்டப்படி ஒருவர் பெயரை எழுதி வைக்க வேண்டுமாம். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. உங்கள் பெயரைத்தான் சொன்னேன். சரிதானே?

அன்புடன்,
ஹில்மா

*

கோஸ்கி கார்னர்
டிசம்பர், இரண்டாவது வாரம்

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

நீங்கள் அனுப்பிய பேரீச்சம்பழம் வந்தது. ஒரு டப்பாவை நான் ஒளித்து வைத்தேன், உங்கள் தம்பி கண்டுபிடித்துவிட்டார். ஞாபகம் இல்லாதவர் என்று யார் சொன்னது?

முதலில் நல்ல செய்தி. எங்களைத் திட்டத்தில் மறுபடி சேர்த்துவிட்டார்கள். மேல்முறையீட்டை வக்கீலம்மாவே எழுதினார். இன்னோர் அதிகாரி வந்து பார்த்தார். அவர் வருவதற்கு முந்தின நாள் வக்கீலம்மா போன் செய்து, "பாத்திரம் கழுவக் கூடாது, தரையைத் துடைக்கக் கூடாது, ரொட்டி சுடவே கூடாது. சீட்டையெல்லாம் திரும்ப ஒட்டுங்க" என்று கட்டளை போட்டார். ஆபரேஷன்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்காது. தொட்டி நிறைய அழுக்குப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு அந்நிய மனிதருக்கு நாற்காலி போட்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அந்த அதிகாரியும் அதே கேள்வியைத்தான் கேட்டார். "எப்படி இருக்கீங்க, ஆர்வோ?" பரவாயில்லை என்று வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். வரவில்லை. வெகுநேரம் கழித்து அவர் சொன்னார்: "நல்லா இல்ல. தலைக்குள்ள எப்பவும் சத்தம். ஹில்மா இல்லன்னா... சட்டையே போடத் தெரியாது எனக்கு." அக்கா, ஈராக்கிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் வாயில் 'நல்லா இல்ல' என்பதை நான் கேட்டதில்லை. நம் ஊரில் எந்த ஆணும் சொல்லிக் கேட்டதில்லை. நான் எழுந்து போய்த் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பாத்திரம் மட்டும் கழுவவில்லை.

வரவு செலவு பார்க்கிறவர் கம்ப்யூட்டரில் முகம் காட்டிப் பேசினார். மெதுவாகப் பேசும் மனிதர். நான் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் ஆர்வோவைப் பார்த்துக்கொள்ள வரும் ஆளுக்கும் திட்டத்திலிருந்தே கொடுப்பார்கள் என்று அவர்தான் எடுத்துச் சொன்னார். எனக்கு வயதாகும்போது எனக்கென்று என்ன இருக்கும் என்று ஒரு கேள்வியும் கேட்டார். அடுத்த மாதம் முழுவதும் அதைப் பற்றியே பேசலாம் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் நான் இருப்பேன் என்று அவர் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

இனி நீங்கள் கோபப்பட்ட விஷயம். போன ஞாயிறு போனில் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் கத்திவிட்டீர்கள். அதனால் முழுவதையும் இங்கே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நவம்பரில் ஒரு நாள் வக்கீலம்மா என்னை வீட்டைவிட்டு வெளியே போகச் சொன்னார். என் சமையலறையிலிருந்து என்னையே. ஆர்வோவுக்கும் பத்திரங்கள் எழுத வேண்டும், அவர் விருப்பத்தை அவர் வாயால் கேட்க வேண்டும், நான் பக்கத்தில் இருந்தால் அது என் விருப்பமாகிவிடும் என்றார். நான் போர்ட்டிகோவில் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜன்னல் வழியாக ஆர்வோவின் வாய் அசைவது தெரிந்தது. நிற்கும், மறுபடி அசையும். வக்கீலம்மா எழுதவும் இல்லை, தலையாட்டவும் இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். என்னால் அவ்வளவு நேரம் சும்மா இருக்க முடிந்திருக்காது. எப்போதோ வார்த்தையை அவர் வாயில் வைத்திருப்பேன்.

உள்ளே கூப்பிட்டார். "ஹில்மா, உங்களுக்காகப் பேசறது யாருன்னு கேட்டேனே. இவரு தான் பேசறேங்கறாரு" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

வக்கீலம்மா அவருக்குப் பரீட்சை வைத்துப் பார்த்திருக்கிறார். எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். "ரேடியோ" என்றாராம் உங்கள் தம்பி. பட்டாளத்தில் ரேடியோக்காரர் அல்லவா? யாருக்காவது அடிபட்டால் ஹெலிகாப்டரைக் கூப்பிட ஒன்பது வரி சொல்ல வேண்டும். எங்கே இருக்கிறோம், பேசுவது யார், அடிபட்டவர் எத்தனை பேர், என்ன கருவி வேண்டும், படுத்திருக்கிறாரா நடப்பாரா, பக்கத்தில் எதிரி உண்டா, எந்த அடையாளத்தைப் பார்த்து இறங்க வேண்டும், அடிபட்டவர் யார், தரை எப்படி. வரிசை மாறக் கூடாது, ஒன்றையும் விடக் கூடாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்படி அதை மண்டையில் ஏற்றிவிடுவார்களாம். வக்கீலம்மா முன்னால் அதை அவர் ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் சொல்லியிருக்கிறார். மறுபடி சொல்லச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு என் முன்னாலும் ஒரு தடவை சொன்னார். தன் பிறந்த நாள் தெரியாத மனிதரின் குரல் அப்போது வேறாக இருந்தது. அது நான் கல்யாணம் செய்துகொண்ட குரல்.

ஈராக்கில் அவர்களுடைய வண்டி வெடித்த அன்று, தலையில் ரத்தம் ஒழுக மற்ற இருவருக்காக ஒன்பது வரியையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் ஆர்வோ விழுந்தார் என்று அவருடைய சகாக்கள் அப்போதே சொன்னார்கள். தன்னை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அந்த இருவரும் இன்று பிள்ளைகுட்டியோடு இருக்கிறார்கள். ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்றுதான் அன்று நினைத்தேன். அவர் தலைக்குள் எல்லாம் உடைந்துபோனது, அந்த ஒன்பது வரி மட்டும் உடையவில்லை என்பது எனக்கு இத்தனை வருடம் கழித்துத்தான் தெரிகிறது.

நான் வக்கீலம்மாவிடம், "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டாருன்னு கேளுங்க, தெரியாது. இவரா டாக்டர்கிட்ட பேசறது?" என்றேன். அவர், "நேத்து என்ன சாப்பிட்டாருன்னு சட்டம் கேக்கலையே. உங்க விருப்பம் என்னன்னு தெரியணும், அதோட அர்த்தம் புரியணும், எடுத்துச் சொல்லத் தெரியணும். அவ்வளவுதான் கேக்குது. மூணும் இவருக்கு இருக்கு" என்றார். ஆனாலும் அவர் அத்தோடு விடவில்லை. ஆர்வோவின் டாக்டரையும் கேட்டார். டாக்டரும் பேசிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். இரண்டாவதாக உங்கள் பெயர் இருக்கும். அவரால் முடியாமல் போனால் நீங்கள்.

அதைச் சொல்லத்தான் போனில் ஆரம்பித்தேன். "அவனுக்கு என்ன புரியும்? உன் உயிரைக் கொண்டுபோய் அவன் கையிலயா குடுக்கறே? என் பேரை முதல்ல போடு" என்றீர்கள். உங்கள் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்பது உங்களுக்கே தெரியும். அவர் எதிரே உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்க் கொல்லையில் நின்றார், கோட்டுகூடப் போடவில்லை. நான் பின்னாலேயே போய் என்ன என்று கேட்டேன். "அக்காவுக்கு நம்ம சிக்னல் போய்ச் சேரல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ரேடியோக்காரர் சொல்கிற மாதிரி சொன்னார்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தாயில்லாப் பிள்ளைக்கு முதன்முதலில் பேச்சுச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான் என்பது எனக்குத் தெரியாதா? அந்தப் பேச்சு இப்படித் துண்டு துண்டாகிக் கிடப்பதைக் கேட்க உங்களுக்கு மனம் தாங்கவில்லை. அதனால்தான் ஞாயிறுதோறும் என்னிடமே அவரைப் பற்றி விசாரிக்கிறீர்கள். நானும் அவருக்குப் பதிலாகச் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டேன். நம் இரண்டு பேருக்கும் நடுவில் அவர் இத்தனை வருடம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

இப்போது நாங்கள் புது ஒன்பது வரி கட்டிக்கொண்டிருக்கிறோம். எனக்கான வரிகள். ஒன்று, ஹில்மா எந்த ஆஸ்பத்திரியில், எந்த மாடியில். இரண்டு, பேசுவது ஆர்வோ, அவள் புருஷன். நான்காவது கருவி பற்றியது. மூச்சுவிட மெஷின் வைக்கலாம், ஆனால் எதுவரை என்பது. ஆறாவது எதிரி. "எதிரி யாருன்னு போடட்டும்?" என்று கேட்டேன். சற்றும் யோசிக்காமல், "பக்கத்து வீட்டு ஐலா" என்றார். ஐலா ஆஸ்பத்திரிக்கு வந்தால் நோயாளி எழுந்து ஓடுகிறவரை பேசுவாள் என்பது உண்மைதான். வக்கீலம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எட்டாவது, அடிபட்டவர் யார். "என் பெண்டாட்டி" என்று மட்டும் சொல்கிறார், பெயர்கூட வேண்டாம் என்கிறார்.

ஒன்பதாவதுதான் வரவில்லை. நான் கண் விழிக்காமலே போனால் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கிறது. தினமும் காலையில் காபிக்குப் பிறகு சொல்லிப் பார்ப்போம். எட்டுவரை தடங்கல் இல்லாமல் வருவார். பிறகு வாய் மூடிக்கொள்ளும். மறந்துவிட்டது என்று நினைத்து நான் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தேன். "தெரியும்" என்றார்.

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஹில்மா

*

கோஸ்கி கார்னர்
ஜனவரி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது செவ்வாய் ஆகியிருக்கும். நாங்கள் புதன் மதியம் டுலூத்துக்குக் கிளம்புகிறோம். வியாழன் காலை ஆபரேஷன். ஆர்வோவுக்குத் துணையாக வருகிற ஆளுக்கு ரவுனோ என்று பெயர், நல்ல பையன், ஓட்டுவதும் நிதானம். இருவருக்கும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அறை போட்டிருக்கிறது. வீட்டுக் குழாய் உறையாமல் பார்த்துக்கொள்ள ஐலாவிடம் சாவி கொடுத்திருக்கிறேன். எதிரியிடம் சாவியா என்று உங்கள் தம்பி கேட்டார்.

பத்திரங்களில் நேற்று கையெழுத்தாகிவிட்டது. சமையலறை மேசையில்தான். சாட்சிக்கு ஐலாவும் தபால்காரர் வெய்ன்னோவும் வந்தார்கள். நான் ரொட்டி சுட்டேன், இந்தத் தடவை வக்கீலம்மா தடுக்கவில்லை. முதலில் என் கையெழுத்து. பிறகு, எனக்காகப் பேசும் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறேன் என்று ஆர்வோ கையெழுத்துப் போட வேண்டும். போடுவதற்கு முன்னால் வக்கீலம்மா, "நீங்க ஏத்துக்கறது என்னன்னு இவங்க எல்லார் முன்னாலயும் ஒரு தடவை சொல்லிடுங்க ஆர்வோ" என்றார்.

அவர் எழுந்து நின்றார். நாற்காலியைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தார். ஆறாவது வரியில் தன் பெயர் வந்ததும் ஐலா வாயைப் பொத்திக்கொண்டாள், அவள் வாயை மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எட்டு, "என் பெண்டாட்டி." அங்கே நின்றுவிட்டார்.

தபால்காரர் தன் பூட்ஸிலிருந்து உருகும் பனியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அடுத்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கையை மடிக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். வாழ்க்கையில் நான் செய்த வேலைகளிலேயே கஷ்டமானது அதுதான் என்று நினைக்கிறேன். அவர் என்னைப் பார்த்தார். வழக்கமாகப் பதிலுக்காகப் பார்ப்பாரே, அப்படி இல்லை. நான் அங்கே இருக்கிறேனா என்று பார்த்தார்.

"ஒன்பது. ஹில்மா கண்ணு முழிக்கலைன்னா... டாக்டர் இனிமே இல்லைன்னு சொல்லிட்டா... மெஷின்ல வெச்சிருக்காதீங்க. கையைப் புடிச்சுக்க என்னை விடுங்க. அப்புறம் வீட்டுக்குக் கொண்டு வரணும். ஓவர்."

'கையைப் பிடித்துக்கொள்ள' என்பது நான் சொல்லிக் கொடுத்ததில் இல்லை. அதை அவரே சேர்த்துக்கொண்டார்.

எனக்கு அழுகை வரவில்லை அக்கா. பிரமிப்பாக இருந்தது. சர்ச்சில்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை. நான் தினமும் பொத்தான் போட்டுவிடுகிற மனிதர், கரண்டியைக் கையில் கொடுத்தால்தான் சாப்பிடுகிற மனிதர், என் சாவைத் தூக்கிக்கொண்டு தடுமாறாமல் நின்றார். எனக்காக யாரோ ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஒரு அரசாங்கமும் ஒரு வக்கீலும் பனியில் நடந்து என் வீட்டுக்கு வர வேண்டியிருந்தது. அவர் இத்தனை நாளும் இங்கேயேதான் இருந்தார்.

வெய்ன்னோ மூக்கைச் சிந்திவிட்டு, "கையெழுத்தை எங்க போடணும்?" என்றார். ரொட்டி முழுவதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் எல்லோரும் போனார்கள்.

இரண்டாவது பெயருக்கான உங்கள் காகிதம் இன்னும் வரவில்லை. உங்களுக்கு மனம் ஆகவில்லை என்று புரிகிறது. நான் வற்புறுத்த மாட்டேன், அது உங்கள் கையெழுத்து. நான் இல்லாமல் போனால் தான் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் அவர் வக்கீலம்மாவிடம் சொல்லி எழுதி வைத்திருக்கிறார். என்ன என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் சொல்வதாக இல்லை. அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களிடம் வேறொன்று கேட்கிறேன். வியாழன் சாயங்காலம் உங்கள் வீட்டுப் போன் அடிக்கும். நான் பேச மாட்டேன், ரவுனோவும் பேச மாட்டான். உங்கள் தம்பி பேசுவார். எடுத்ததும் ஹில்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிடாதீர்கள். இடையில் கேள்வி கேட்டால் வரிசை குலைந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள், முழங்காலுக்கும் நல்லது. எந்த மாடி, யார் பேசுவது, என்ன செய்தார்கள் என்று ஒவ்வொன்றாக வரும். எதிரி வரும்போது சிரித்துக்கொள்ளலாம்.

எட்டாவதுக்கு அப்புறம் சத்தம் நின்றுபோகும். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். லைன் அறுந்துவிட்டது என்று வைத்துவிடாதீர்கள். வார்த்தையை எடுத்தும் கொடுக்காதீர்கள் அக்கா, அவர் அங்கேதான் இருப்பார். நான் கண் விழித்தேனா இல்லையா என்பது ஒன்பதாவதில் வரும், எதுவாக இருந்தாலும் அதை அவர் வாயால்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

கேட்டு முடித்ததும் பெரிதாக ஒன்றும் சொல்ல வேண்டாம். "கேட்டுச்சு, ஆர்வோ" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் பேசியதை நீங்கள் கேட்டு வெகு காலமாகிவிட்டது.

என்றும் அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி
ஹில்மா